ஆமை போட்ட முட்டை

நவராத்திரிக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் ஆரியசாலைக்கு ஒரு விருந்தாளி வருவார். வேளிமலைக் குமாரசுவாமி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியோடும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் கிளம்பி, குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, 50 கிலோமீட்டருக்கு மேல் நடைவேகத்தில் கடந்து திருவனந்தபுரம் சேர்கிறார். களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் விடைகொடுக்க, கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். 1956 நவம்பர் 1-க்குப் பிறகு இந்த மூவரும் ஆண்டுதோறும் மாநில எல்லை தாண்டும் பயணிகள். ஊருக்குள் வந்ததும் மூவருக்கும் மூன்று ஜாகை. சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை, குமாரசுவாமிக்கு ஆரியசாலை தேவி கோயில்.

அப்படியொரு சாயங்காலத்தில்தான் ஆரியசாலையின் ஒரே டீயிஸ்டை நான் கண்டுபிடித்தேன். பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். எழுபதைத் தாண்டியவர். தக்கலைப் பக்கத்திலிருந்து சிறுவனாகச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து இங்கேயே நரைத்தவர். தெருவே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படித்தான். கடையில் சாமி படம் உண்டு. மாலை போடுவது கடைப்பையன் வேலை. அண்ணாச்சி விளக்கேற்றி நான் பார்த்ததில்லை. 'உங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லையா அண்ணாச்சி?' என்று ஒருமுறை கேட்டிருந்தேன்.

'இல்லைன்னு யாரு சொன்னா? தம்பி, கடைன்னு ஒண்ணு இருந்தா போட்ட ஆளுன்னு ஒருத்தர் உண்டும்லா? ஆனா மொதலாளி கடையப் போட்டுட்டுப் போயிட்டாரு. பேரேட்டுல மொத பக்கத்துல முதல் போட்டவரு பேரு இருக்கு. அதுக்குப் பொறவு அவரு பேருல பற்றும் இல்ல, வரவும் இல்ல. நம்ம ஜோலி அவருக்குக் கெடையாது, அவரு ஜோலி நமக்குக் கெடையாது.'

இதைச் சொல்ல ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய 170 ஆண்டுகள் பிடித்தன. ஹெர்பர்ட் ஆஃப் செர்பரி 1624-இல் தொடங்கி, ஜான் டோலண்ட் வழியாக, 1794-இல் தாமஸ் பெயின் 'பகுத்தறிவின் யுகம்' எழுதும்வரை டீயிசம் வளர்ந்துகொண்டே போனது. கடவுள் உலகைப் படைத்தார், விதிகளை வகுத்தார், விலகிவிட்டார். வேதமும் இறைத்தூதரும் அற்புதமும் தேவையில்லை, அறிவும் இயற்கையும் போதும். ஆத்திகருக்கு முதலாளி கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் பார்க்கிறார். நாத்திகருக்கு முதலாளி என்று ஒருவரே இல்லை, சரக்கும் சந்தையும் தாமே உண்டாயின. டீயிஸ்டுக்குப் பெயர்ப்பலகை மட்டும் உண்டு. தமிழில் இந்த மூன்றாமவருக்கு நிலைத்த ஒரு சொல் இல்லாதது வெறும் கலைச்சொல் பற்றாக்குறை என்றுதான் முதலில் நினைத்தேன்.

டீயிசத்தைப் பேசும்போது கடிகாரம் வராமல் போகாது. வில்லியம் பேலி 1802-இல் எழுதியது பிரசித்தம்: புல்வெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்றுதானே நினைப்போம்? பேலி டீயிஸ்ட் அல்ல, பாதிரியார். ஆனால் அவருடைய கடிகாரத்தை டீயிஸ்டுகள் சுலபமாகத் தங்கள் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நல்ல கடிகாரம் என்றால் செய்தவன் பக்கத்தில் நிற்கவேண்டியதில்லை அல்லவா? அதற்கும் முன்பே, 1715-16-இல், லைப்னிட்ஸ் நியூட்டனைக் குத்திக்காட்டியது இதே இடத்தில்தான். நியூட்டனின் கடவுள் கோள்களின் ஓட்டத்தை அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அடிக்கடி சாவி கொடுக்கவேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் எப்படிப்பட்ட கைவினைஞன் என்றார். நியூட்டன் பக்கம் பேசிய சாமுவேல் கிளார்க் சொன்ன பதிலும் இளப்பமானதல்ல: ராஜா இல்லாமலே எல்லாம் நடக்கும் ராஜ்யத்தில் ராஜா எதற்கு?

ஆரியசாலையிலிருந்து சாலைத் தெருவழியே மேற்கே கோட்டைக்கு நடந்தால் பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கடிகாரம். தாடிவைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். பேலியின் கடிகாரத்தைப் போல மௌனமாக ஓடி நம்மைச் சிந்திக்கவைக்கிற ஜாதி இல்லை இது. ஒவ்வொரு மணிக்கும் இடி வாங்குகிறது. ஸ்வாதித் திருநாள் காலத்தில், 1837-இல், இந்த ஊரில் ஜான் கால்டெகாட் தலைமையில் வானாய்வுக்கூடம் வந்தது. கோள்களின் கணக்கைத் துல்லியமாக்கிக்கொண்டே, பக்கத்துக் கோயிலுக்கு மானியத்தையும் குறைக்காமல் கொடுத்த சமஸ்தானம் இது. இரண்டுக்கும் இடையே ஏதோ முரண் இருப்பதாக இங்கே யாருக்கும் தோன்றியதற்கு அடையாளம் இல்லை.

மேத்தன் மணி பார்த்துக்கொண்டிருக்கும் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் படுத்திருப்பவரை என்னவென்று சொல்வது? நீல. பத்மநாபன் 1970-இல் இந்நகரத்தை வைத்து எழுதிய நாவலின் தலைப்பு 'பள்ளிகொண்டபுரம்'. தூங்குகிறவரின் ஊர். ஆனால் அந்தத் தூக்கத்துக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: அறிதுயில். உலகத்தின் தத்துவ அகராதிகளில் எத்தனையோ சொற்களைத் தேடியிருக்கிறேன். செயல்படாமல் இருப்பதையும் அறிந்திருப்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் இப்படி ஒரு சொல் என் கண்ணில் படவில்லை. டீயிஸ்டின் கடவுளும் தலையிடுவதில்லை, பள்ளிகொண்டவரும் எழுந்து வருவதில்லை. ஆனால் முன்னவர் வெளியூர் போய்விட்டார். பின்னவர் அடுத்த அறையில் இருக்கிறார், கண்தான் மூடியிருக்கிறது. குழந்தைகள் வீட்டில் சத்தம் போடுவது இந்த இரண்டு நிலைமையிலும் ஒரே மாதிரியாகவா இருக்கும்?

அடுத்த அறையில் படுத்திருந்தவரிடம்தான் மார்த்தாண்டவர்மா 1750-இல் திருவிதாங்கூரையே எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம். அன்றிலிருந்து அரசர்கள் பத்மநாபதாசர்கள், கணக்குப்படி நாட்டின் உடைமையாளர் தூங்குகிறவர். இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இன்னொரு வேடிக்கை. இந்தியச் சட்டத்தின் கண்ணில் பிரதிஷ்டை செய்த தெய்வம் சட்டபூர்வமான ஆள். வழக்குப் போடலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்றென்றைக்கும் மைனர், காப்பாளர் வேண்டும். பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தைப் பற்றி 2020 ஜூலை 13-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் கேள்வி அதுதான்: இவரை யார் பார்த்துக்கொள்வது? டீயிஸ்டின் கடவுள் வீட்டைவிட்டுப் போன அப்பா. நம் நீதிமன்றத்தின் கடவுள் ஒருநாளும் வயதுக்கு வராத பிள்ளை.

டீயிஸ்டுக்குத் தமிழில் சொல் இல்லை என்றேன். எண்ணம் இல்லாமல் இல்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் சமயவாதிகள் வரிசையாக வந்து தங்கள் கொள்கையைச் சொல்லும் காதை இருக்கிறது. சேர நாட்டு வஞ்சி எது, கரூரா மேற்கே கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று அடித்துக்கொள்பவர்களை விட்டுவிடுவோம். அங்கே பிரமவாதி என்று ஒருவர் வருகிறார். நீளமாகப் பேசுவதில்லை. இந்த உலகம் ஒரு தேவன் இட்ட முட்டை என்கிறார், அவ்வளவுதான். மற்றவர்கள் பிரமாணம், அனுமானம் என்று விரித்துக்கொண்டு போகும் சபையில் இந்த ஒற்றை வரி ஆசாமி எனக்கு மிகவும் பிடித்தமானவர். முட்டை என்றதும் கேட்கவேண்டிய கேள்வியை மணிமேகலை அவரிடம் கேட்கவில்லை. எந்த முட்டை?

கோழி முட்டை என்றால் அதன்மேல் உட்கார்ந்து அடைகாக்க ஒரு உடம்பு வேண்டும். அது ஆத்திகம். ஆமை முட்டை என்றால் கதை வேறு. கடலாமை ராத்திரியில் கரையேறி, மணலில் குழி பறித்து, முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தக் கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணலின் சூடு பொரிக்கிறது, குஞ்சுகள் தாமே வெளிவந்து வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை நோக்கி ஓடுகின்றன. தாயின் முகம் தெரியாது. டீயிசத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கடிகாரக்கடை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் நம் தீட்சை மரபில் பழைய உவமை ஒன்று உண்டு. பறவை தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும். குரு சீடனுக்கு அருள்வதன் மூன்று விதங்களாகச் சைவரும் வைணவரும் இதைச் சொல்வார்கள். ஆமை தொலைவில் கடலுக்குள் இருந்துகொண்டு முட்டையை நினைக்கிறதாம், அந்த நினைப்பின் வெப்பத்தில் முட்டை பொரிகிறதாம். விலங்கியல்படி இது சுத்தப் பொய். எனக்குத் தெரியும். எழுதியவர்களுக்கும் நெய்தல் கரையில் ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது தெரிந்திருக்கும். தெரிந்துதான், திரும்பிப் பார்க்காததைக் கண்ணால் கண்ட பிறகுதான், 'நினைத்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் தமிழ் மனம் செய்த வேலை அசாத்தியமானது. விலகலை மறுக்கவில்லை. அதற்குள் ஓர் ஏக்கத்தைச் செருகிவிட்டது.

சைவ சித்தாந்தம் இதையே வாதமாகச் செய்தது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம். முதல் சூத்திரம் பேலியை எட்டிப்பிடிக்கிற அனுமானம்: உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகையால் அதைச் செய்யும் ஒருவன் உண்டு. டீயிஸ்ட் என்பவன் முதல் சூத்திரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகிறவன். மெய்கண்டாருக்கோ இன்னும் பதினொன்று மிச்சமிருக்கிறது, அதற்குள் உயிரைப் பிடித்து இறைவன் காலில் சேர்த்தாகவேண்டும். சித்தாந்தம் இறைவனுக்குச் சொல்லும் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தல் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவது, மறைத்தல். உயிர் பக்குவப்படும்வரை தன்னைக் காட்டாமல் ஒளித்துக்கொள்வதும் அவன் செய்கிற வேலைதான், அதுவும் அருள்தான் என்கிறார்கள். கடவுளைக் காணோம் என்பதைக் கடவுளுக்கு எதிரான சாட்சியாக வைக்க வந்தவனிடம், அதைத்தானப்பா அவர் செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்லும் இந்தச் சாமர்த்தியம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டுவதும் உண்டு. எந்தச் சாட்சியாலும் தோற்காத வாதத்தை வாதம் என்பதா, அரண் என்பதா?

அந்த அரணுக்கு ஒரு விலையும் உண்டு. அதை ஆரியசாலையில் நின்றுகொண்டு மறப்பது நியாயமில்லை. பக்கத்தில் இருக்கும் கடவுளுக்குத் தெரு உண்டு. தெரு என்றால் யார் எதுவரை வரலாம் என்ற அளவு உண்டு. 1924-இல் வைக்கத்தில் நடந்த சண்டை கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த சாலையில் நடப்பதற்கு. அதற்குப் போன பெரியார் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டபோது கொண்டுவரப்பட்டது திருவனந்தபுரம் மத்திய சிறைக்கு, அதாவது பூஜப்புரைக்கு. அவர் உள்ளே இருக்கும்போது போராட்டக்காரர்களை ஒழிக்க வைதீகர்கள் சத்துரு சம்ஹார யாகம் செய்தார்கள் என்றும், அந்த ஆகஸ்டில் மூலம் திருநாள் மகாராஜாவே காலமாகிவிட, யாகம் திரும்பிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது என்றும் பெரியாரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாத்திகர் ஒருவர் இவ்வளவு ரசித்துச் சொன்ன அற்புதக் கதை வேறில்லை. விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் ஏறி வேட்டைக்குப் போகும் இடமும் அதே பூஜப்புரைதான்.

டீயிஸ்டின் கடவுளுக்குத் தெரு இல்லை. ஆகையால் தீட்டும் இல்லை. எல்லோருக்கும் சம தூரத்தில் இருப்பவர். 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திடும்வரை இந்தச் சமஸ்தானத்தில் ஒரு புலையரோ ஈழவரோ கண்ணியமாக நம்பியிருக்கக்கூடிய கடவுள், வெளியூர் போய்விட்ட அந்த முதலாளி மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர்கள் நம்பியது அவரை அல்ல. அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள். அவர் வழியினர் தங்கள் பதிகளில் கண்ணாடியை வைத்தார்கள். நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் ஆற்றுக்கல்லை எடுத்து நட்டார், 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடி வைத்தார். அவருடைய சீடர் சகோதரன் அய்யப்பன் கடவுளே வேண்டாம் என்று போனார். பக்கத்துத் தெருவில் விடாத கடவுளை அவர்கள் தொலைதூரத்துக்கு அனுப்பிவைக்கவில்லை. இன்னும் பக்கத்தில், முகத்துக்கு எதிரே இழுத்தார்கள். அல்லது ஒரேயடியாக இல்லையென்று தள்ளினார்கள். நடுவில் நிற்க யாருக்கும் பொறுமையில்லை.

சென்னையிலும் இதுதான் நடந்தது. 1864-இல் கேசவ சந்திர சென் வந்துபோன சூட்டில் வேத சமாஜம் தோன்றியது. உருவமற்ற ஒரே கடவுள், அறிவுக்கு ஒத்த வழிபாடு. டீயிசத்துக்கு இங்கே கிடைத்த மிக நெருங்கிய உறவு. படித்த சிலரைத் தாண்டி வேர்விடவில்லை. 1880-களில் 'தத்துவ விவேசினி' நடத்திய சென்னைச் சுயசிந்தனையாளர்களோ பிராட்லா வழியில் நேராக நாத்திகத்துக்கே போனார்கள்.

ஏன்? எனக்குத் தோன்றுகிற காரணம் தத்துவம் சார்ந்ததல்ல, ஏச்சு சார்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கோயில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறாள்: 'நீ என்ன கல்லா?' நாத்திகர் மேடையில் அமைதியாகச் சொல்கிறார்: 'கல்தான்.' இருவரும் பேசுவது ஒரே கல்லைப் பற்றி. வள்ளுவரேகூட, பிச்சையெடுத்துத்தான் சிலர் வாழவேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெட்டொழியட்டும் என்று சபித்தவர். டீயிஸ்டுக்கு இந்த வசதி இல்லை. பெட்டிஷன் வாங்க ஆளில்லாத ஆபீஸ் அது. திட்டு வாங்கவாவது ஒருவர் வேண்டாமா?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமாத்ரா அருகே கடலடியில் பூமி அசைந்தபோது நம் கடிகாரங்களில் காலை 6.29. குளச்சலுக்கும் வேளாங்கண்ணிக்கும் தண்ணீர் வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தது. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை என்பதைப் பலர் அற்புதமாகச் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து கரையில் நின்றிருந்த நூற்றுக்கணக்கானோர் செத்துக் கிடந்ததைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார்கள் மற்றவர்கள். 1755 நவம்பர் 1-இல், அனைத்துப் புனிதர் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தபோது எழுந்த அதே கேள்வி. அன்று அதைக் கேட்டவர்களில் உரத்த குரல் வோல்த்தேருடையது. அவர் டீயிஸ்ட். எல்லாம் நன்மைக்கே என்று சொன்ன தத்துவவாதிகள்மேல் அவருக்கு வந்த கோபத்தை 1759-இல் வெளிவந்த 'காந்தீத்' வாசித்தால் தெரியும். ஆனால் கவனித்தால், அந்தக் கோபம் மனிதர்கள்மேல்தான் பாய்கிறது. கடவுள்மேல் பாய வழியில்லை. கண்டத்தட்டு நகர்ந்தது, விதிப்படி நகர்ந்தது, விதியைப் போட்டவர் குறிப்பிட்டு யாரையும் கொல்லவில்லை. இந்தப் பதிலில்தான் நேர்மை அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த வாரம் குளச்சல் கரையில் நின்றுகொண்டு அதை ஒருவரிடமும் சொல்லியிருக்க முடியாது என்றும் நினைக்கிறேன்.

அண்ணாச்சிக்கு வருகிறேன். நான் அவரை டீயிஸ்ட் என்று மனதுக்குள் பதிவுசெய்துகொண்ட அதே சாயங்காலம்தான் அது நடந்தது. செண்டைச் சத்தம் நெருங்கியது. தீவெட்டி வெளிச்சம் எதிர்க்கடை ஷட்டரில் ஆடியது. அண்ணாச்சி பேனாவைப் பேரேட்டுக்குள் வைத்து மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். படியிறங்கி வந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு நின்றார். கும்பிடவில்லை. குமாரசுவாமி தாண்டிப் போகிறவரை அப்படியே நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு ஏறிப்போனார்.

எனக்கு விட மனமில்லை. 'மொதலாளி போயிட்டாருன்னு சொன்னீங்களே அண்ணாச்சி. இப்ப யாருக்கு எந்திரிச்சு நின்னீங்க?'

என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். 'இவரு மொதலாளின்னு ஒனக்கு யாரு சொன்னா? இது நம்ம ஊரு ஆளுல்லா தம்பி. வேளிமலைக்காரரு. அம்புட்டுத் தூரம் வந்திருக்காரு, எந்திரிச்சு நிக்காண்டாமா?'

ஆத்திகம், நாத்திகம், டீயிசம் என்று நான் கட்டிவைத்திருந்த மூன்று அலமாரியிலும் இந்த ஊர்க்காரருக்கு இடமில்லை. மூன்றும் உலகத்தைச் செய்தவரைப் பற்றியவை. வேளிமலைக்காரர் உலகத்தைச் செய்தாரா இல்லையா என்று அண்ணாச்சி யோசித்ததேயில்லை போலும். வள்ளியைக் கட்டினவர், தக்கலைப் பக்கத்துக்காரர், வருஷத்தில் ஒருமுறை நடந்து வருகிறவர். எதிர்வீட்டு மாமாவை 'நம்புகிறீர்களா' என்று யாராவது கேட்பார்களா?

விஜயதசமி கழிந்த மறுநாள் கடைக்குப் போனேன். பூஜப்புரை வேட்டை முடிந்து சாமிகளுக்கு அன்று நல்லிருப்பு, ஓய்வு நாள். அதற்கும் மறுநாள் காலையில் புறப்பாடு. அண்ணாச்சி வழக்கம்போல் பேரேட்டில் குனிந்திருந்தார். ஊருக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன்.

'மூணு வருசம் இருக்கும்' என்றார், எழுதுவதை நிறுத்தாமல். 'நாளைக்கு அவரு ஊருக்குக் கெளம்பிருவாரு. நமக்குத்தான் லீவு இல்ல.'